ஊசி தேடும் டார்ச்

பட்டப்பகலில், தலைக்கு மேல் வரிசையாக டியூப்லைட் எரியும் பனியன் கம்பெனிக்குள் டார்ச் எதற்கு என்று எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் கேட்டார். கேட்டது நியாயம்தான். தைக்கிறவருக்கு அந்த வெளிச்சம் போதும், மடிக்கிறவருக்குப் போதும், மேற்பார்வை என்ற பெயரில் நடந்துகொண்டே இருப்பவருக்கும் போதும். எனக்குத்தான் போதவில்லை.

என் வேலை அப்படி. அவிநாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனியில் குழந்தைத் துணி மட்டும்தான் தைக்கிறோம். நான் நீடில் இன்சார்ஜ், அதாவது ஊசிக்குப் பொறுப்பு. எந்த மிஷினில் ஊசி உடைந்தாலும் துண்டுகள் அத்தனையும் என் கைக்கு வர வேண்டும். அவற்றைச் சேர்த்துவைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் புது ஊசி கொடுப்பேன். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மிஷின் இருக்கும் லைன் முழுவதும் நிற்கும், யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. கப்பலேறிப் போகும் சட்டைக்குள் ஒரு முனை ஒளிந்திருந்தால் எங்கோ ஒரு பச்சைப் பிள்ளையின் கழுத்தில் குத்தும். முகம் தெரியாத அந்தப் பிள்ளைக்காக நான் டைலர்களிடம் வாங்கும் ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அனுசுயா என்று அழகான பெயர் இருக்க, என்னை ‘ஊசிக்காரி’ என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும்.

தேடுவதற்குக் காந்தம் கொடுத்திருக்கிறார்கள். தரையில் இழுக்க அது நல்லதுதான். மிஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மிஷினோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மிஷினே இரும்பு, அதைச் சொல்லிக் குற்றமில்லை. செல்போன் வெளிச்சத்தில் பார்க்கலாம் என்றால் கம்பெனிக்குள் செல்போன் கூடாது. ஆகவே மெக்கானிக் பாண்டித்துரையிடம் டார்ச் கடன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பாண்டித்துரை கமுதிப் பக்கத்துக்காரன், என்னை அக்கா என்று கூப்பிடுபவன். நல்ல பையன். அவனுடைய டார்ச்சைப் பற்றி மட்டும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. முழங்கை நீளம், தலை கிண்ணம் அளவு. இங்கிருந்து அடித்தால் ஊத்துக்குளியில் வெண்ணெய் உருகிவிடும் என்று நான் கேலி செய்வேன். அவன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வான்.

ஒரு நாள் அந்த டார்ச்சோடு வெள்ளைத் துணிக் குவியலில் ஒரு முனையைத் தேடிக் கண் பூத்துப் போனேன். எங்கே அடித்தாலும் ஒரே பளபளப்பு. சலித்துப்போய் டார்ச்சை அணைத்தேன். அணைத்த பிறகு, ஜன்னல் வழியாகச் சாய்வாக வந்த வெயிலில், முனை என் கைக்கு நேர் கீழேயே மின்னியது.

அது என்னை விடவில்லை. வெளிச்சம் கூடினால் கண்ணுக்குக் கூடுதலாகத் தெரிய வேண்டும்தானே? கூடினது ஏன் மறைத்தது? வீட்டில் இட்லிக்கு மாவு ஊற்றும்போதும் அதே நினைப்புதான். கடைசியில் மகுடேஸ்வரனிடம் போய், எனக்கென்று ஒரு சின்ன டார்ச் வேண்டும், நானே பார்த்துத்தான் வாங்குவேன் என்றேன்.

“வாங்கிக்கோங்க அம்மிணி. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குதுங்க? நல்லா பிரைட்டா இருந்தாச் சரி.”

“அதத்தாங்க பாக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாமியப்பன் என்பவரின் எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். டார்ச் விஷயத்தில் என்னைத் தனியாக விட மனமில்லாமல் பாண்டித்துரையும் கூட வந்தான். சாமியப்பன் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து வரிசையாக எடுத்துவைத்தார்.

“இதப் பாருங்க. இந்த சைஸுக்கு இத்தன வெளிச்சம் நீங்க எங்கியும் பாத்திருக்க மாட்டீங்க. மொட்ட மாடில இருந்து அடிச்சா அக்கட்டத் தெருவுல படுத்திருக்கற நாய் எந்திரிச்சு ஓடுமுங்க.”

“நா நாயத் தேடலைங்க. ஊசியத் தேடுதேன்.”

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டுத் துணி, ஒரு கறுப்புத் துண்டுத் துணி, செலோடேப்பில் ஒட்டிய ஊசிமுனை ஒன்று, மூன்றையும் எடுத்துக் கடைமேஜை மேல் வைத்தேன். கம்பெனி ஊசியை வெளியே கொண்டுவர மாட்டேன். இது என் வீட்டுத் தையல் மிஷின் ஊசி, இதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உடைத்தது. முனையை டேப்பிலிருந்து எடுத்து வெள்ளைத் துணியில் போட்டு, “இப்ப ஒவ்வொண்ணா அடிங்க” என்றேன். சாமியப்பன் என் முகத்தையும் பாண்டித்துரையின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நாய் ஓட்டும் டார்ச்சை அடித்தார். நடுவில் ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றி இருட்டு வளையம். வட்டத்துக்குள் முனையும் இல்லை, துணியின் இழையும் இல்லை. இரண்டாவது நீலம் பாய்ந்த வெளிச்சம். அதில் எஃகும் வெள்ளைத் துணியும் ஒரே நிறமாகிப் போயின. மூன்றாவதை அவர் கையிலிருந்து வாங்கி, நானே மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்தேன். வெளிச்சம் துணியின் மேல் தவழ்ந்து போனது. முனை தெரியவில்லை. ஆனால் முனையின் நிழல், முனையைப் போல நாலு மடங்கு நீளத்துக்கு, கறுப்புக் கோடாக விழுந்து கிடந்தது.

“ஏனுங்க, இதென்னுங்க இது!” என்றார் சாமியப்பன். அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அதற்குப் பிறகு அவர் விற்பதை மறந்துவிட்டார். மேலேயிருந்து அடித்தால் நிழல் பொருளுக்கு அடியிலேயே ஒளிந்துகொள்கிறது. கீழேயிருந்து அடித்தால் நிழல் ஓடிப்போய்க் காட்டிக்கொடுக்கிறது. கறுப்புத் துணிக்கோ நேர்மாறாக இருந்தது. அங்கே நிழலால் பயனில்லை, முனையே மின்ன வேண்டும், அதற்குச் சற்று மஞ்சள் கலந்த வெளிச்சம்தான் ஒத்துவந்தது. பல்பு மாற்ற வந்த ஒருவர், சார்ஜர் வாங்க வந்த ஒருவர் என்று எங்களைச் சுற்றிச் சின்னக் கூட்டமே சேர்ந்துவிட்டது. ஆளாளுக்கு ஒரு டார்ச்சை எடுத்துப் படுக்கவைத்துப் பார்த்தார்கள்.

“இத எடுத்துக்கோங்க அம்மிணி” என்று சாமியப்பன் ஒன்றை நீட்டினார். “நெம்ப நல்ல ஐட்டம். பின்னால காந்தம் இருக்குதுங்க. இரும்புல ஒட்ட வெச்சிட்டு ரெண்டு கையாலயும் வேல பாக்கலாமுங்க.”

“அதுதான்க்கா வேணும்!” என்றான் பாண்டித்துரை.

நான் அந்த டார்ச்சின் வாலை ஊசிமுனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். முனை டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. “பாத்தியா? இந்த லைன்ல கெடக்குற முனைய ஒட்டிக்கிட்டு அடுத்த லைன்ல கொண்டு போட்டுட்டு வரும். நா ஊசி தேடப் போறனா, ஊசி வெதைக்கப் போறனா?” என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டான்.

கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. என் சுண்டுவிரலை விடச் சற்றுத் தடிமன், சட்டைப்பையில் கிடந்தாலும் தெரியாத கனம். நடுவில் வட்டம் போடாமல் ஒரே சீராகப் பரவும், கொஞ்சம் மஞ்சள் சாயல் உள்ள வெளிச்சம். காந்தம் கிடையாது. அடையாள அட்டைக் கயிற்றில் மாட்ட வளையம் உண்டு. செல்போன் ஒயரிலேயே சார்ஜ் ஏறும், அந்த ஓட்டைக்குத் தூசி போகாமல் ஒரு ரப்பர் மூடி. பட்டனைத் தட்டத் தட்ட அகல்விளக்கு அளவில் ஆரம்பித்து மூன்று படி.

“நாலாவதும் இருக்குதுங்க” என்றார் சாமியப்பன். “பட்டன விடாம அழுத்திப் புடிங்க.”

பிடித்தேன். கடையே வெளுத்தது. நாய் ஓட்டும் டார்ச்சுக்குக் கொஞ்சமும் குறையவில்லை. சற்று நேரத்தில் தலைப்பக்கம் சுட ஆரம்பித்தது.

“இது எனக்கு வேண்டாத வேலைங்க.”

“இருக்கட்டுமுங்க. சோறா கேக்குது? என்னைக்காச்சும் ஆகும்.”

மறுநாள் மகுடேஸ்வரன் அதை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார். சுண்டைக்காய் மாதிரி இருக்கிறதே என்றார். பிறகு தன் மேஜை மேல் படுக்கவைத்து, மேஜைக் கண்ணாடியில் இருந்த கீறல் எல்லாம் எழும்பி வருவதைப் பார்த்துவிட்டு, டீ ஆறும்வரை அதையே அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டிருந்தார். திரும்ப வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்றிலிருந்து என் கழுத்துக் கயிற்றை விட்டு அது இறங்கவில்லை. உடைந்த முனைகள் சொல்லிவைத்தது போல அகப்பட்டன. வெளிச்சம் பெரிதாக இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, பிடிக்கிற விதத்தில் இருக்கிறது என்று டீ நேரத்தில் பாண்டித்துரைக்கு நான் நடத்தாத பாடமில்லை.

இப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து லைன் ஓட ஆரம்பித்த கையோடு ஜோதிகாவின் ஊசி உடைந்தது.

ஜோதிகா சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், துணி ஓரத்தை அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் டைலர். அவள் புருஷன் குமரன் சாயப்பட்டறையில் வேலை செய்கிறான். இரண்டு பேரும் வேலைக்கு வந்துவிடுவதால் பிள்ளை தமிழ்மதியை ஊரில் ஜோதிகாவின் அம்மாவிடம் விட்டிருந்தார்கள். தீபாவளிக்குப் பிறகு பார்க்கவில்லை. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை காலை குலசாமி கோயிலில் மொட்டையடித்துக் காது குத்து. அன்று சாயங்காலம் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஒரு வாரமாக அவள் பேச்செல்லாம் அதுதான். பிள்ளைக்கு என்ன வாங்கினாள் என்பதைக்கூட அவ்வளவு சொல்லவில்லை, ஒரே ஒரு கேள்வியைத்தான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எம்புள்ளைக்கு என்னைய அடையாளம் தெரியுமாக்கா?”

“பெத்தவள தெரியாமப் போவுமா?” என்று சொல்லியிருந்தேன். சொல்லும்போதே எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

ஊசி உடைந்ததும் அவள் கையைத் தூக்கினாள். மிஷினில் மாட்டியிருந்த மேல் துண்டும், மேஜையில் விழுந்த நடுத் துண்டும் வந்தன. முனை வரவில்லை.

லைனை நிறுத்தினேன். “யாரும் கால அசைக்காதீங்க” என்றதும் வழக்கமான முணுமுணுப்பு எழுந்தது. அவள் தைத்துக்கொண்டிருந்தது மஞ்சள் நிறச் சட்டை, ஒரு வயதுப் பிள்ளைக்கான அளவு. அவள் தைத்து அடுக்கிய பண்டிலைப் பிரித்து ஒவ்வொரு சட்டையாக விரித்து, டார்ச்சைப் படுக்கவைத்துப் பார்த்தேன். மிஷின் அடியில் பார்த்தேன். பாண்டித்துரை ஊசிக்கு அடியில் இருக்கும் பல்லுத் தகட்டைக் கழற்றிக் கொடுத்தான், அதற்குள்ளும் பார்த்தேன். பிறகு முழங்காலிட்டுத் தரையில் வெளிச்சத்தைத் தவழவிட்டேன். தரையில் இருந்ததெல்லாம் நிழலோடு எழுந்து நின்றது. நூல் துணுக்கு, உதிர்ந்த பொட்டு, யாரோ கடித்துப் போட்ட நகம். மூன்று மிஷின் தள்ளி ஒரு மூக்குத்தித் திருகாணிகூடக் கிடைத்தது. பொங்கலுக்கு முன்னால் தொலைத்தது என்று அந்த மிஷின்காரி முத்துப்பேச்சி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊசிமுனை மட்டும் கிடைக்கவில்லை.

பண்டில் முழுவதையும் பேக்கிங் கட்டிடத்துக்கு அனுப்பினோம். அங்கேதான் இரும்பு இருந்தால் கத்தும் மிஷின் இருக்கிறது. ஒரு சட்டைக்கும் அது கத்தவில்லை.

“அப்புறம் என்னுங்க, துணி கிளீனுங்களே” என்றார் அதற்குள் வந்துவிட்ட மகுடேஸ்வரன்.

“துணி கிளீன்தாங்க. முனை எங்க போச்சு?”

எரிச்சலில் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். துணியில் இல்லை, மிஷினில் இல்லை, தரையில் இல்லை. சீரகத்தில் பாதி அளவு எஃகுக்குச் சிறகா இருக்கிறது? கடிகாரமோ ஓடிக்கொண்டிருந்தது. ஜோதிகா அதைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பாண்டித்துரை மிஷினுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, “அக்கா, கெடச்சிருச்சு!” என்றான்.

லைனே கை தட்டியது. ஜோதிகா எழுந்தே விட்டாள். நான் அவன் உள்ளங்கையிலிருந்து முனையை வாங்கி, மற்ற இரண்டு துண்டுகளோடு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தேன். டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் முழு ஊசிதான். ஆனால் நிழல் ஒத்துக்கொள்ளவில்லை. நடுத் துண்டு சாய்வாக உடைந்திருந்தது, இந்த முனையோ நேராக ஒடிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஆப்பு வடிவில் ஒரு வெளிச்சம் புகுந்து வந்தது.

நான் பாண்டித்துரையைப் பார்த்தேன். அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“விடுக்கா. அதான் துணி கிளீனுன்னு ஆயிப்போச்சுல்ல. பாவம், பஸ்ஸ விட்டுரும் அந்தப் புள்ள.”

எங்கேயோ ஒரு பழைய ஊசியை உடைத்துக் கொண்டுவந்திருக்கிறான். வேறு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். அன்று எனக்கும் ஒரு கணம் சபலம் தட்டியது என்பது உண்மை. துணியில் இல்லை என்று தெரிந்துவிட்டது, எந்தப் பிள்ளைக்கும் ஆபத்தில்லை, ஒருத்தி ஊருக்குப் போகட்டுமே.

“அதையே வச்சுக்கோங்கக்கா” என்றாள் ஜோதிகா.

அவளுக்கு எப்படிக் கேட்டது? கேட்டிருக்க முடியாது. ‘அதையே வச்சுக்கோங்க’ என்றால், அது நிஜ முனை இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது நிஜமில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? என் கோபமெல்லாம் போய் அந்தக் கேள்வி மட்டும் நின்றது. அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலில் மஞ்சள் கட்பீஸ் துணி சுற்றியிருந்தது. ஓவர்லாக்கில் விரலில் குத்துவது எங்கள் ஊரில் கொசுக்கடிக்குச் சமம், அதனால் இவ்வளவு நேரம் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

“ஏட்டி, வெரல்ல என்ன?”

“காலையில குத்துச்சுக்கா.”

“காலையில நீ வெள்ளைத் துணியில்லா தச்ச. மஞ்சத் துணி சாப்பாட்டுக்கு அப்புறந்தான வந்துச்சு.”

அவள் கையைப் பின்னால் கொண்டுபோனாள். நான் பிடித்து இழுத்துத் துணியைப் பிரித்தேன். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட நின்றிருந்தது. சுற்றிலும் லேசான வீக்கம்.

சின்ன வயதில் டார்ச்சைக் கைக்குள் வைத்துப் பொத்தி விரல் சிவப்பதைப் பார்க்காதவர் யார்? நானும் பார்த்திருக்கிறேன். அது எப்படி அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை. அவள் விரலுக்கு அடியில் டார்ச்சை முட்டக் கொடுத்துப் பட்டனைத் தட்டினேன். முதல் படியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில், மூன்றாவதில் தோல் மங்கலாகச் சிவந்தது. உள்ளே ஒன்றும் பிரியவில்லை.

வெளிச்சம் போதவில்லை! நான்தான், அன்றைக்கு, அதைச் சொன்னேன். பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தேன்.

விரல் முழுக்க செம்பருத்தி நிறத்தில் எரிந்தது. நகத்தின் ஓரத்தில், அந்தச் சிவப்புக்குள், ஒரு மெல்லிய கறுப்புக் கோடு நின்றது.

பாண்டித்துரை மூச்சை இழுத்தது கேட்டது. மகுடேஸ்வரன் குனிந்து பார்த்து, “அட சாமி!” என்றார்.

“சுடுதுக்கா” என்றாள் ஜோதிகா. டார்ச்சை எடுத்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். “உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாதுக்கா. இருக்குமோன்னு இருந்துச்சு. சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவாவ, பஸ்ஸு போயிரும். ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிடலாம்னு...”

“அந்த வெரல வச்சிட்டுப் புள்ளையத் தூக்குவியா? மூணு பேரு சேந்து இரும்பத் தேடுதோம், நீ கையில வச்சுக்கிட்டு மணியப் பாத்துட்டு இருக்க!” என்று கத்தினேன். பாண்டித்துரையின் முனையை மட்டும் நான் வாங்கிப் போட்டிருந்தால், இந்நேரம் அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

மகுடேஸ்வரன் உடனே காரை எடுத்தார். பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, விரல் மரத்துப்போக ஊசி போட்டு, முனையை வெளியே எடுத்தார். அதற்கு முன்னால், “எப்படிக் கண்டுபிடிச்சீங்க, இன்னொரு தடவை காட்டுங்க” என்று அவரும் ஒருமுறை டார்ச்சை விரலில் வைத்துப் பார்த்தது தனி. நர்ஸ் முனையைக் குப்பைக்குக் கொண்டுபோவதற்குள் நான் பாய்ந்துபோய்ப் பஞ்சோடு வாங்கிக்கொண்டேன். வெளியே பெஞ்சில் வெள்ளைத் தாளை விரித்து மூன்று துண்டுகளையும் வைத்தேன். வெளிச்சம் பிடிக்க மகுடேஸ்வரனைத் தவிர யாருமில்லை.

“கீழ புடிங்க. இன்னும் கீழ. பெஞ்சோட பெஞ்சா.”

முதலாளி குத்தவைத்து உட்கார்ந்து பிடித்தார். சாய்வும் சாய்வும் சேர்ந்தன. நடுவில் துளி வெளிச்சம் வரவில்லை.

“ஒட்டிக்கிச்சுங்களா?” என்றார்.

“ஒட்டிக்கிச்சுங்க.”

ஊருக்கு நேரே போகும் பஸ் போயிருந்தது. கோவில்வழியில் இரண்டு பைகளோடு நின்ற குமரனிடம் ஜோதிகா போனில் விஷயத்தைச் சொன்னாள். திட்டுவான் என்று நினைத்தேன், அவன் விரலைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். மதுரை போய் மாறினால் விடிவதற்குள் மெயின் ரோட்டில் ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கலாம், அங்கிருந்து ஊருக்கு நடக்க வேண்டும், வழியில் விளக்கு கிடையாது என்றான். மகுடேஸ்வரன் அவளை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். இறங்கும்போது கழுத்துக் கயிற்றிலிருந்து டார்ச்சைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். கொடுக்க எனக்கு மனமே இல்லை.

“மூணாவது படியில வச்சு நட. பட்டன அழுத்திப் புடிக்காத, சுடும். தொலச்சிட்டு வந்த, ஊசி கேட்டு என் பக்கம் வராத.”

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பாண்டித்துரையின் டார்ச்சோடு காலம் தள்ளினேன். அந்தப் பழைய ஊசி விஷயத்துக்குப் பிறகு அவன் தன் பெட்டியில் ஒளித்துவைத்திருந்த உடைந்த முனைகளையெல்லாம் கொண்டுவந்து என் மேஜையில் கொட்டிவிட்டுப் போனான்.

புதன்கிழமை ஜோதிகா வந்தாள். விரலில் கட்டு, கையில் என் டார்ச். வாங்கியதும் முதலில் பட்டனைத் தட்டிப் பார்த்தேன், எரிந்தது. திருப்பிப் பார்த்தேன். சார்ஜ் ஓட்டையின் ரப்பர் மூடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

“என்னட்டி இது?”

“தமிழ்மதி கடிச்சிட்டாக்கா.” அவள் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். “என்னையக் கண்டதும் வீறிட்டு அழுதா. அடையாளமே தெரியலை. காது குத்தும்போது எம்மடியில உக்கார மாட்டேன்னு எங்கம்மா கழுத்தக் கட்டிக்கிட்டா. மொட்டத் தலையோட என்னையப் பாத்து மொறைக்கா. நா எம்புட்டு ஆசையா போனேன்... ஒரு ஓரமா போயி உக்காந்துட்டேன். வெரல்ல வலி. உள்ள இன்னும் எதும் இருக்குமோன்னு கட்ட லேசா வெலக்கி, நீங்க வச்ச மாதிரி டார்ச்ச வச்சுப் பாத்தேன்.”

“அழுத்திப் புடிக்காதன்னு சொன்னம்லா?”

“புடிச்சேன்க்கா. செவசெவன்னு எரிஞ்சுச்சு. எங்கம்மா மடியிலேர்ந்து எட்டிப் பாத்தா. அழுகைய நிப்பாட்டிட்டா. அப்பறம் எறங்கித் தவந்து வந்தா. எங்கிட்ட வரல, வெரலுக்குத்தான் வந்தா. அந்தச் செவப்பப் புடிச்சுப் பாக்கா, அணைச்சாத் தேடுதா, மறுபடி வச்சாச் சிரிக்கா. அப்பறம் டார்ச்சப் புடுங்கிக் கடிச்சிட்டா.”

“பொறவு?”

“ராத்திரி அப்படியே எம்மடியில தூங்கிட்டா. மறுநா டார்ச் இல்லாமலே வந்தாக்கா.”

அவளுக்குப் புது ஊசி ஒன்றை எடுத்துக் கொடுத்து, போய் உட்கார் என்றேன்.

டீ நேரத்தில் பாண்டித்துரை டார்ச்சை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். மூடி சரியாக மூடவில்லை, தூசி போகும், சாமியப்பன் கடையில் கொடுத்தால் அப்போதே வேறு மூடி போட்டுத் தருவார் என்றான். நான் அதைத் திரும்ப வாங்கி, அவனுடைய பெரிய டார்ச்சைப் படுக்கவைத்து, அந்த வெளிச்சத்தில் ரப்பரைப் பார்த்தேன். இரண்டே இரண்டு பல்லின் தடம், பக்கத்தில் பக்கத்தில், நிழலோடு தெளிவாகத் தெரிந்தது.

“மாத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.